நீலகிரியில் ஆள்பிடிப்பும் கொத்தடிமை முறையும்

முன்பணம் கொடுத்தோ, ஆசை காட்டி ஏமாற்றியோ, அரசாணையின் பலத்தாலோ மனிதரை ஊரிலிருந்து பெயர்த்து மலையேற்றி, நினைத்தபோது விட்டுவிட்டுப் போக முடியாத வேலையில் கட்டிவைத்த வழக்கங்கள் இத்தலைப்பில் அடங்கும். இன்றைய சட்ட வழக்கில் இவற்றுள் பெரும்பகுதி ஆள்கடத்தல் எனப்படும். ஐக்கிய நாடுகள் அவை 2000இல் ஏற்ற பலெர்மோ நெறிமுறையை இந்தியா 2011இல் உறுதிசெய்தது. வன்முறை, வஞ்சகம், ஒருவருடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றால் சுரண்டலுக்காக ஆளைச் சேர்ப்பதும் கொண்டுபோவதும் அடைத்துவைப்பதும் அதன்படி ஆள்கடத்தலே. இந்த அளவுகோலை 19ஆம் நூற்றாண்டுக்குப் பொருத்தலாமா என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி முறையை உறவும் ஊரும் சார்ந்த இடப்பெயர்ச்சி என்று ஒரு சாராரும், கடனைக் கயிறாக்கிய அடிமைத்தனம் என்று மறு சாராரும் எழுதியுள்ளனர்.

வயநாட்டு அடிமை முறை

கூடலூர், பந்தலூர் வட்டங்கள் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. எனவே அப்பகுதியின் பழைய வரலாற்றை மலபார் ஆவணங்களில் தேட வேண்டியிருக்கிறது. 1800-01இல் மலபாரைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், அங்கே அடிமைகள் மூன்று வகையில் கைமாறியதைப் பதிந்துள்ளார்: ஜன்மம் என்ற முழு விற்பனை, காணம் என்ற அடைமானம், பாட்டம் என்ற ஆண்டு வாடகை. நிலம் கைமாறிய அதே மூன்று பெயர்களில்தான் மனிதரும் கைமாறினர். பாட்டத்துக்கு விட்டால் ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. வரி பாக்கிக்காக அடிமைகளை ஏலம் விடும் வழக்கத்தைக் கம்பெனி அரசு 1819இல் நிறுத்தியது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது.

வயநாட்டுப் பழங்குடியினரான பணியர்களிடம் இந்தச் சட்டங்கள் போய்ச் சேரப் பல தலைமுறைகள் ஆயின. மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவு அம்மன் கோயிலில் மீனத் திருவிழாவின்போது நிலக்கிழார் நில்புப் பணம் கொடுப்பார். வாங்கியவர் குடும்பத்தோடு ஓராண்டு அவர் வயலில் நிற்க வேண்டும். அம்மன் சந்நிதியில் வாங்கிய பணம் என்பதால் வாக்கு மீறினால் தெய்வக் குற்றம் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. காவல், விலங்கு, சிறை எதுவும் இல்லாமலே இந்த ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் நீடித்தது.

சீனக் கைதிகள்

1860வாக்கில் கிளெமென்ட்ஸ் மார்க்கத்தின் முயற்சியால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனாவை, உதகை அரசுத் தோட்டங்களின் கண்காணிப்பாளராக இருந்த மக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். காட்டை வெட்டித் திருத்த ஆள் போதாத நிலையில் சிறைக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சீனர்களும் இருந்தனர். அபினிப் போரில் பிடிபட்ட போர்க் கைதிகள் அவர்கள் என்ற செய்தி இன்றும் நடுவட்டத்தில் சொல்லப்படுகிறது. 1908இல் வெளியான டபிள்யூ. பிரான்சிசின் மாவட்ட விவரச்சுவடி, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் சிறை போதாமல் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள் என்கிறது. இரண்டாவது கூற்றுக்கு ஆவண ஆதரவு அதிகம் எனினும் முதலாவதை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. கைதிகள் உழைத்த தாய்சோலைத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் ஜெயில் தோட்டம் என்றே வழங்குகிறது.

லவ்டேலில் லாரன்ஸ் ஆதரவு இல்லம் எழும்பியபோதும் சீனக் கைதிகள் கல் சுமந்தனர். 1867 ஜூலை 28 இரவு, தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு பேர் தப்பினர். இரு வாரத்துக்குப் பின் மலபாரில் பிடிபட்டபோது அவர்களிடம் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. தேடிச் சென்ற ஒரு போலீஸ் குழுவைக் காணவில்லை. செப்டம்பர் 15இல் சிஸ்பாரா கணவாய்ப் பாதையில் வாளக்காடு என்னுமிடத்தில் அக்குழுவினர் நால்வரின் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. வெட்டுண்ட தலைகள் அவரவர் தோளருகே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. விவரச்சுவடி இச்செய்தியை விரிவாகச் சொல்கிறது. கடல் கடந்து, மொழி தெரியாத குளிர்மலைக்குக் கொண்டுவரப்பட்ட அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர் ஒன்றையும் அது சொல்லவில்லை.

தண்டனை முடிந்த சிலர் ஊர் திரும்பாமல் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்தனர். மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் இக்குடும்பங்களைச் சந்தித்து, பிள்ளைகளின் தலையையும் மூக்கையும் அளந்து எழுதினார். அவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், சிறிது காப்பி வளர்த்தார்கள், மாடு வைத்துப் பால் விற்றார்கள் என்பதும் அவர் குறிப்பிலிருந்தே தெரிகிறது. கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டோர் இம்மலையில் தாமே விரும்பி அமைத்துக்கொண்ட வாழ்க்கைக்கு எஞ்சியிருக்கும் மிகச் சில சாட்சிகளில் இது ஒன்று. நடுவட்டச் சிறைக் கட்டடம் பிற்காலத்தில் நினைவுக்கூடமாகச் சீரமைக்கப்பட்டது.

மேஸ்திரி முறை

ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பது 1850 முதல் 1930 வரையிலான காலத்துக்குத்தான். அக்காலத்தில் தோட்டக்காரர்கள் ஓயாமல் எழுதிக் குவித்த கடிதங்களும் மனுக்களும் அதற்குக் காரணம். தாவரவியலாளர் பெரோட்டே 1835இல் கேத்தியில் தேயிலையைச் சோதனையாக நட்டார். தோட்டக்காரர் மான் 1854இல் குன்னூரில் தோட்டம் தொடங்கினார். காப்பி அதற்கு முன்பே கோத்தகிரியிலும், 1845 முதல் ஆக்டர்லோனிப் பள்ளத்தாக்கிலும் பரவியிருந்தது. மலைவாழ் மக்கள் தொகை குறைவு. தோதவர், கோத்தர், படகர் எவரும் தோட்டக் கூலியை நம்பியிருக்கவில்லை. ஆகவே கோயம்புத்தூர், சேலம், மைசூர்ப் பகுதிகளிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சம் அந்த வரத்தைப் பெருக்கியது.

நடைமுறை இதுதான். தோட்ட அலுவலகம் மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும். இலங்கையில் கங்காணி எனப்பட்டவரே இங்கு பெரும்பாலும் மேஸ்திரி. அவர் தம் ஊருக்கும் அக்கம்பக்கத்துச் சேரிகளுக்கும் சென்று, கடன்பட்ட குடும்பங்களிடம் அந்தப் பணத்தை விநியோகிப்பார். பழைய கடனுக்கோ, கல்யாணத்துக்கோ, பஞ்சத்தில் அடுப்பெரியவோ வாங்கிய அந்தத் தொகைக்குக் கைநாட்டு வைத்ததும் குடும்பமே புறப்பட வேண்டும். 1899இல் ரயில் குன்னூரை எட்டும்வரை மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே நடைதான். தோட்டத்தில் கூலி நேராகத் தொழிலாளி கைக்கு வராது. வாரத்துக்கு அரிசியும் கொஞ்சம் செலவுக்காசும் தருவார்கள். மீதிக் கணக்கை ஆண்டு இறுதியில் மேஸ்திரி மூலம் தீர்ப்பார்கள். ஆட்களின் கூலியில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு மேஸ்திரிக்குத் தரகு. முன்பணம், அரிசி, கம்பளி, நோயில் படுத்த நாட்கள் எல்லாவற்றையும் கழித்தபின் தொழிலாளியின் கணக்கில் கடனே நிற்பதும், அது அடுத்த ஆண்டுக்குப் போவதும் சாதாரணம். கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர் மேஸ்திரியும் கணக்கப்பிள்ளையும் மட்டுமே.

ஓடிப்போனால் சட்டம் துரத்தியது. கைவினைஞரும் கூலியாட்களும் முன்பணம் வாங்கி வேலையை மீறுவதைத் தண்டிக்க வந்த 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி, குற்றவியல் நடுவர் பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம்வரை சிறை. மற்ற கடன்காரர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார். கூலியாள் மட்டும் சிறைக்குப் போனார். இதுவும் போதாது என்று தோட்டக்காரர்கள் வாதிட்டனர். அவர்கள் 1893இல் ஒன்றுகூடி அமைத்த தென்னிந்திய ஐக்கியத் தோட்டக்காரர் சங்கம் (யுபாசி), மேஸ்திரிகள் பணத்தை வாங்கிக்கொண்டு தலைமறைவாகிறார்கள் என்பதையே பெரும் குறையாக எழுப்பியது. 1896இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது; 1903இல் சென்னைத் தோட்டக்காரர் தொழிலாளர் சட்டம் வந்தது. அந்த ஆண்டுகளின் பதிவுகளைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது: இழந்த முன்பணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேச்சு இருக்கிறது, இறந்த கூலியாட்களைப் பற்றி அரிதாகவே இருக்கிறது. அதே மேஸ்திரியால் தொழிலாளியும் ஏமாற்றப்பட்டார் என்பது ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது.

இழப்பு உயிரிலிருந்தே தொடங்கியது. வயநாட்டுக் காய்ச்சல் என்று பெயர்பெற்ற மலேரியா, சமவெளியிலிருந்து புதிதாக வந்தோரை முதல் மழைக்காலத்திலேயே சாய்த்தது. உயரமான குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் காய்ச்சல் குறைவு. குளிரும் நுரையீரல் நோயும் அதிகம். ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்த லைன் வீடுகளில் ஒருவர் நோய் எல்லாருக்கும் பரவியது. பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு வளர்ந்தனர். பெண்கள் கூலியிலும் குறைவு வாங்கி, மேஸ்திரி, மேற்பார்வையாளர் ஆகியோரின் அத்துமீறலையும் தாங்க வேண்டியிருந்தது. இது பற்றிப் பெண்களின் சொந்த வாக்குமூலம் ஆவணங்களில் ஏறக்குறைய இல்லை. பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்த நாவல் இவ்வாழ்வை விரிவாகக் காட்டுகிறது. அதன் களம் நீலகிரி அன்று, ஆனைமலை. ஆயினும் ஆள் பிடித்த விதத்தில் இரு மலைகளுக்கும் பெரிய வேற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை.

1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல் இயற்றிய நீக்கச் சட்டத்தால் 1926 ஏப்ரலில் மறைந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பத்தாண்டின் இறுதியில் விலக்கப்பட்டது. தண்டனை போனது; ஆனால் முன்பணமும் மேஸ்திரி முறையும் மேலும் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் நீடித்தன.

விடுதலைக்குப் பின்

அரசமைப்பின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. தொழிற்சங்கங்களின் நெருக்குதலால் 1960களின் தொடக்கத்துக்குள் கங்காணி, மேஸ்திரி முறை பெருந்தோட்டங்களிலிருந்து அகன்றது. சிறு விவசாயிகளின் தேயிலைக்கு இச்சட்டத்தின் காப்பு பெரும்பாலும் எட்டவில்லை.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நிலைபெற்ற கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் எல்லாக் கொத்தடிமைக் கடன்களையும் ஒரே அடியில் ரத்து செய்தது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கொடுத்தவர் தலையில் சுமத்தியது அதன் மிகச் சிறந்த பகுதி எனலாம்; அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்வரை நீதிமன்றம் முதலாளியின் புத்தகத்தையே நம்பியது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது.

கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோரிடையே 1985 முதல் அக்கார்டு அமைப்பு பணியாற்றியது. அதன் துணையோடு ஊர்ச் சங்கங்கள் இணைந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாயிற்று. 1988 டிசம்பரில் ஏறக்குறைய பத்தாயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருக்களில் ஊர்வலம் சென்றனர். அதுவரை சந்தை நாளில் ஓரமாக ஒதுங்கி நின்றவர்கள் அன்று நகரின் நடுச்சாலையில் நடந்தனர். பின்னர் இச்சங்கம் தனக்கென மதுவனா என்ற தேயிலைத் தோட்டத்தையே வாங்கியது.

தாயகம் திரும்பியோர்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்கு வந்தோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. சேரம்பாடி, பந்தலூர், நடுவட்டம், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. பிற மாவட்டங்களில் குடியமர்த்தப்பட்ட பலர், அங்கே வாழ வழியின்றி, கொழுந்து பறிக்கத் தெரியும் என்ற ஒரே முதலோடு நீலகிரிக்கு வந்தனர். தரகர்களிடம் ஏமாந்தவர்களும், முன்பணம் வாங்கி ஒப்பந்தக்காரர்களிடம் சிக்கியவர்களும் அவர்களுள் உண்டு. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் அழைத்துச் செல்லப்பட்ட தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாக இருந்தது 1980களில் வெளிவந்தது. நீலகிரியில் அதன் அளவு எவ்வளவு என்பதில் அரசுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

அண்மைக் காலம்

1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை வீழ்ந்ததும் குடும்பங்கள் திருப்பூர், கோவைக்கு இறங்கின. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டம் கண்டனத்துக்கு உள்ளானது இதையடுத்த ஆண்டுகளில்தான். மலையில் ஏற்பட்ட வெற்றிடத்தை ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா மாநிலத்தவர் நிரப்பி வருகின்றனர். இவர்களையும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களே அழைத்து வருகிறார்கள். முன்பணமும் பல இடங்களில் உண்டு.

2013இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு ஆள்கடத்தலுக்கு விரிவான வரையறை தந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது. 2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டப்படி மீட்கப்படும் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்படுவோருக்கு 3 லட்சம் ரூபாய் உண்டு. தொகையின் பெரும்பகுதி வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் தாமதம் மிகுதி. மீட்கப்பட்டவருக்குப் பழைய கடன் இல்லை என்று உரைக்கும் விடுவிப்புச் சான்றிதழை வருவாய்க் கோட்ட அலுவலர் வழங்குகிறார். நீலகிரியில் இதற்கு உதகை, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள் உள்ளன.