தொட்டிலில் ஒரு கணக்குப்பிள்ளை

தொட்டிலில் கிடக்கிறது ஒரு குழந்தை. பால்மணம்கூட மாறவில்லை. ஆனால், அதற்கு ஊர்க் கணக்குப்பிள்ளை உத்தியோகம் இப்போதே நிச்சயமாகிவிட்டது!

கதை இல்லை... சட்டம். 1895-ம் வருஷம் சென்னை மாகாணத்தில் வந்த பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம். ஊர்க் கர்ணம் இறந்துபோய், அடுத்த வாரிசு மைனராக இருந்தால் என்ன செய்வது? அந்தப் பிள்ளையின் பெயரை வாரிசாகக் கலெக்டர் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதுவரை வேறொருவர் ‘பொறுப்பு’ பார்ப்பார். பிள்ளை வளர்ந்து மேஜராகி, குறிப்பிட்ட காலத்துக்குள் தகுதியைத் தேடிக்கொண்டால் போதும். நாற்காலி அவனுக்காகக் காத்திருக்கும்.

இப்போது இன்னொரு காட்சி. 2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூட வாசல்களில் கூட்டம். கையில் ஹால் டிக்கெட், கறுப்புப் பேனா. கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுகிற பெண்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு! 9,351 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. எழுத வந்தவர்களில் இன்ஜினீயர்களும் உண்டு. அந்த இடங்களில் சில நூறு, கிராம நிர்வாக அலுவலர் பணியிடங்கள். நம் வாயில் ‘வி.ஏ.ஓ.’

அந்தக் குழந்தைக்காகக் காத்திருந்ததும், இந்த லட்சக்கணக்கான பேர் முட்டி மோதுவதும் கிட்டத்தட்ட ஒரே நாற்காலிக்குத்தான். தொட்டிலிலிருந்து தேர்வு அறைக்கு அது வந்துசேர்ந்த கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

அந்த நாற்காலியில் அப்படி என்ன இருந்தது?

சம்பளம் சொற்பம். முழுநேர வேலைகூட இல்லை. ஆனால், ஊரில் எந்த சர்வே நம்பர் யாருடையது, எத்தனை ஏக்கர், நஞ்சையா புஞ்சையா, இந்த பசலியில் என்ன பயிர், யார் உழுகிறார்கள், கிஸ்தி பாக்கி எவ்வளவு... எல்லாம் கர்ணத்தின் கையெழுத்தில் இருந்தது. பசலி என்பது கிராமக் கணக்கின் வருஷம். ஜூலை ஒண்ணாம் தேதி பிறக்கும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. சிட்டா, அடங்கல் என்று அந்தக் கணக்குகளுக்குத் தனி பாஷையே உண்டு. அந்த பாஷை தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். கணக்குக் கட்டு இருந்ததோ, அவர் வீட்டுப் பெட்டியில்!

யோசித்துப் பாருங்கள். பத்து தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரு துண்டு நிலத்தை உழுகிறது. அடங்கலில் பெயர் இருந்தால்தான் அதற்கு அத்தாட்சி. பெயர் இருக்கிறதா, இல்லையா? உழுகிறவனுக்கு எழுத்து தெரியாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திண்ணைக்குக் கீழே நின்று, “சாமி, நம்ம பேரு இருக்குதுங்களா?” என்று கேட்பான். “இருக்கும், இருக்கும்... போய்ட்டு அறுப்பு முடிஞ்சு வா” என்று பதில் வரும். அறுப்பு முடிந்து வருகிறபோது வெறுங்கையோடு வரமுடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எல்லாக் கர்ணமும் அப்படி இல்லை. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் மனசில் வைத்திருந்து, கலெக்டரிடமே “இது தப்பு” என்று சொன்ன நேர்மையான மனிதர்களும் இருந்தார்கள். ஆனால், நல்லவர் வாய்ப்பதும் கெட்டவர் வாய்ப்பதும் ஊரின் தலையெழுத்து. மாற்ற வழி கிடையாது.

இதற்குச் சட்ட முத்திரை குத்தியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1802-ல் போட்ட 29-வது ரெகுலேஷன், கர்ணம் இறந்தால் அவருடைய வாரிசுக்கே வேலை என்று எழுதிவைத்தது. கம்பெனியின் கணக்கு எளிது. வரி வேண்டும், வரிக்குக் கணக்கு வேண்டும், கணக்கு தெரிந்த குடும்பம் ஊரில் ஒன்றுதான். அந்தக் குடும்பத்தைக் கையில் வைத்துக்கொண்டால் ஊர் கையில்! 1816-ல் ஊர்த் தலைவர்களைக் கிராம முன்சீப் ஆக்கி, பத்து ரூபாய் வரைக்கும் வழக்கு விசாரிக்கிற அதிகாரமும் கொடுத்தார்கள். 1895 சட்டம் இந்தப் பரம்பரை உரிமையை இன்னும் கெட்டியாக்கியது. கர்ணத்தின் மகன் கர்ணம், முன்சீப் மகன் முன்சீப். கீழே ஊர் வேலை பார்த்த தலையாரி, வெட்டியான் குடும்பங்களுக்கும் அதே விதி. யார் எழுத வேண்டும், யார் தண்டோரா போட வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவுசெய்தது. அதாவது, சாதி முடிவுசெய்தது.

இங்கே ஒரு வேடிக்கை. நம் ஊர்க் கணக்குக்கு இதைவிடப் பழைய ஒரு விதி உண்டு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 921-ம் வருஷ வாக்கில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது என்கிறது அது. அவன் மட்டுமா? அவன் அப்பன், பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், அத்தை மகன்... ஒருத்தர் பெயரும் கூடாது! அது நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான பிராமணர் ஊர்ச் சபை. ஜனநாயகம் என்று தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பாருங்கள்... கணக்கில் தப்பு செய்தால் சொந்தக்காரனையும் சேர்த்து ஒதுக்கு என்றது சோழர் காலக் கல்வெட்டு. சொந்தக்காரனுக்குத்தான் கணக்கு என்றது வெள்ளைக்காரன் சட்டம்!

சுதந்திரம் வந்தது. அரசியல் சாசனமும் வந்தது. அதன் 16-வது பிரிவு, அரசாங்க வேலையில் மதம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றோடு ‘வம்சாவளி’யையும் காரணமாகக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால், கிராமத்தில் 1895 சட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அதன் மேல் முதல் பெரிய அடி விழுந்தது குண்டூர் மாவட்டத்திலிருந்து. குண்டூர் முன்பு சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆந்திரா பிரிந்த பிறகும் பழைய சட்டம் அங்கே தொடர்ந்தது. ஓர் ஊரை இரண்டாகப் பிரித்தார்கள். புது ஊருக்கு முன்சீப் வேண்டும். விண்ணப்பித்தவர்களில் ஒருவரை அதிகாரி நியமித்தார். கிடைக்காத ஒருவர் பழைய முன்சீப் குடும்பம். ‘சட்டப்படி எங்கள் குடும்பத்துக்குத்தானே?’ என்று மேலே போனார். நியமனம் அவர் பக்கம் மாறியது. வேலையை இழந்தவர் சும்மா இருக்கவில்லை. நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்!

‘இது பரம்பரை பரம்பரையாக வருகிற ஊர் வழக்கம், சாதாரண அரசாங்க வேலை மாதிரி இல்லை’ என்று அரசுத் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சம்பளம் அரசாங்கம் தருகிறது, நியமிப்பது அரசாங்கம், நீக்குவதும் அரசாங்கம்... அப்புறம் இது அரசாங்க வேலை இல்லாமல் வேறு என்ன? 1960 டிசம்பர் 6-ம் தேதி தீர்ப்பு வந்தது. புது ஊர் வேலையைப் பழைய குடும்பத்துக்கே தரச்சொன்ன பிரிவு செல்லாது. ஒரு கிராமத்து முன்சீப் வேலைக்கான சண்டை, பரம்பரை உத்தியோகத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, பரம்பரைச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1970-ல் கிராம அலுவலர்களுக்குப் புது விதிகள் வந்தன. எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு வேண்டும் என்றார்கள். ஆனாலும், பழையவர்கள் தொடர்ந்தார்கள். பெட்டி அதே வீட்டில்தான் இருந்தது. 1973-ல் நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன், ‘பகுதிநேர ஆட்கள் வேண்டாம், இடமாற்றம் செய்யக்கூடிய முழுநேர அரசு ஊழியர்களைப் போடுங்கள்’ என்றது. அது காகிதத்தோடு நின்றது.

1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டம் அமலுக்கு வந்தது. கர்ணம், கிராம முன்சீப் என்ற பகுதிநேரப் பதவிகள் அத்தனையும் ஒரே நாளில் காலி! இனி கிராம நிர்வாக அலுவலர்தான். தேர்ந்தெடுப்பது பப்ளிக் சர்வீஸ் கமிஷன் என்றது சட்டம்.

ஊர் ஊராக அதிர்ச்சி. “நேத்து வரைக்கும் கணக்குப்பிள்ளை வீடு, இன்னைக்கு வெறும் வீடு” என்கிற நிலைமை. பதவி போனவர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கமும் வலி இருந்தது. வேறு தொழில் தெரியாத நடுவயதுக்காரர்கள், அந்தச் சொற்பச் சம்பளத்தை நம்பியவர்கள். 1982 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. படிப்புத் தகுதி உள்ள பழைய அலுவலர்களில் பலர் பரிசீலனைக்குப் பின் வேலையில் சேர்க்கப்பட்டார்கள். பக்கத்து ஆந்திராவில் என்.டி.ஆர். 1984 ஜனவரியில் இதையே செய்தார். அதற்கு முன்பே, 1953-ல், உத்தரப்பிரதேசத்தில் பட்வாரிகள் கூட்டமாக ராஜினாமா செய்து மிரட்டிப் பார்த்தார்கள். வருவாய் அமைச்சர் சரண்சிங் அசரவில்லை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு, ‘லேக்பால்’ என்ற புதுப் பதவியை உருவாக்கிவிட்டார்!

சரி, பரம்பரை போய்ப் பரீட்சை வந்தது. எல்லாம் சரியாகிவிட்டதா?

ம்ஹூம். பட்டா மாற்றத்துக்குப் பணம் வாங்கி, பவுடர் தடவிய நோட்டோடு லஞ்ச ஒழிப்புப் போலீஸாரிடம் சிக்குகிற வி.ஏ.ஓ. பற்றி நாமும் பேப்பரில் படிக்கத்தான் செய்கிறோம். பரீட்சையிலும் ஒரு குறை. வி.ஏ.ஓ.வுக்குத் தனித் தேர்வு நடந்தபோது, 2014, 2016 தேர்வுகளில் கிராம நிர்வாகம் பற்றி மட்டுமே 25 கேள்விகள் இருந்தன. 2017 கடைசியில் அதைக் குரூப் 4-ல் சேர்த்துவிட்டார்கள். கிராம நிர்வாகத்துக்கென்று இருந்த அந்தத் தனிப் பகுதி போய்விட்டது. தேர்வான பிறகு பயிற்சியில் நில அளவையும் கிராமக் கணக்கும் சொல்லித்தருகிறார்கள். ஆனால், வாய்க்கால் எந்தப் பக்கம் ஒதுங்கியது, எந்த வரப்பு யார் நகர்த்தியது என்று பழைய கர்ணம் மனசில் வைத்திருந்த ஊர், எந்த கைடிலும் இல்லை. அதை நடந்துதான் படிக்க வேண்டும்.

நடக்கிறவர்களுக்கும் ஆபத்து இருக்கிறது. 2023 ஏப்ரல் 25. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த ஒரு வி.ஏ.ஓ.வை, அலுவலகத்துக்குள் புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அதே வருஷம் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் காத்தது தன் குடும்பச் சொத்தை அல்ல. ஊர்ச் சொத்தை, ஆற்றை.

கர்ணம் என்றால் ஒரு பெண் முகம் நம் நினைவுக்கு வருமா? வராது. இன்று எத்தனையோ ஊர்களில் வி.ஏ.ஓ. ஒரு பெண். திண்ணைக்குக் கீழே நின்று, “நம்ம பேரு இருக்குதுங்களா?” என்று கேட்டவரின் பேத்தி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடங்கல் எழுத முடிகிறது. அவள் சரியாக எழுதுவாளா, தப்பாக எழுதுவாளா? அது அவள் கையில். தப்பாக எழுதினால் புகார் கொடுக்கலாம், இடம் மாற்றலாம், சஸ்பெண்ட் செய்யலாம். முக்கியமாக, அவளுக்குப் பிறகு அந்த வேலை அவள் பிள்ளைக்குப் போகாது.

அந்தப் பிள்ளையும் ஹால் டிக்கெட்டோடு வரிசையில்தான் நிற்க வேண்டும்!