வெந்நீர் ஊற்றும் இரண்டு பெயர்களும்

இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், பார்வதி ஆற்றங்கரையில் உள்ள ஊர் மணிகரண். அங்குள்ள கொதிநீர் ஊற்றில் அரிசியைத் துணியில் முடிந்து இறக்கி வேகவைப்பார்கள். அரிசி வேகும் நீரில் உயிர் தங்குமா? தங்காது என்றே நம் பட்டறிவு சொல்லும். பாலைக் காய்ச்சுவதும் அந்த நம்பிக்கையில்தான்.

நுண்ணுயிரியலாளர்களும் நெடுங்காலம் இதற்கு அருகிலேயே நின்றனர். வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்களை 55 அல்லது 60 பாகை செல்சியசில் வளர்த்துப் பார்ப்பதே வழக்கம். அதற்கு மேல் தேடியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துத் தாமஸ் பிராக். 1966-இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஊற்றொன்றில் எடுத்த மாதிரியிலிருந்து, அவரும் இளநிலை மாணவர் ஹட்சன் ஃபிரீசும் 70 பாகையில் செழித்து வளரும் ஓர் உயிரைப் பிரித்தெடுத்தனர். 1969-இல் அதற்குத் 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' எனப் பெயரிட்டு அறிவித்தனர். காப்புரிமை எதுவும் கோராமல், பிறரும் பெற்று ஆராயும்படி அதைப் பொதுச் சேமிப்பகத்தில் ஒப்படைத்தனர்.

1976-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியனும் உடனுழைப்பாளர்களும் இவ்வுயிரிலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைப் பிரித்தனர். 1983-இல் சீட்டஸ் நிறுவனத்தின் கேரி மல்லிஸ், சிறு துளி டி.என்.ஏ.வைப் பன்மடங்காக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்டார். அம்முறையில் ஒவ்வொரு சுற்றிலும் கலவையை ஏறத்தாழ 95 பாகைக்குச் சூடாக்கி இரட்டை இழையைப் பிரிக்க வேண்டும். முதலில் பயன்பட்ட நொதி அச்சூட்டில் சிதைந்ததால், சுற்றுதோறும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீரில் பிறந்த நொதியோ சூட்டைத் தாங்கியது. தொழில்நுட்பம் உலகெங்கும் பரவியது. 1991-இல் ரோஷ் நிறுவனம் பி.சி.ஆர். உரிமைகளை 30 கோடி டாலருக்கு வாங்கியது. 1993-இல் மல்லிசுக்கு நோபெல் பரிசு. ஊற்றைக் காத்துவந்த பூங்காவுக்கு அதில் பங்கேதும் இல்லை. பெருந்தொற்று நாள்களில் நம் மூக்கில் குச்சி நுழைந்தபோது, அச்சோதனையின் வேர் அந்த ஊற்றில் இருந்ததை நம்முள் எத்தனை பேர் நினைத்தோம்?

மொழியியல் பயின்ற எனக்குப் பெயரே முதலில் கண்ணில் படும். 'தெர்மஸ்' கிரேக்க வேரில் வெம்மை; 'அக்வாட்டிகஸ்' இலத்தீனில் நீரில் வாழ்வது. எல்லோஸ்டோனின் சுவடு அப்பெயரில் இல்லை. பின்னர் டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிகரண் ஊற்றில் அதே பேரினத்தின் இன்னோர் உயிரைக் கண்டனர். 2015-இல் அவர்கள் இட்ட பெயர் 'தெர்மஸ் பார்வதியென்சிஸ்'. 'என்சிஸ்' என்பது 'அவ்விடத்தைச் சேர்ந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் விகுதி. மதுரைக்காரர் என்பதில் வரும் 'காரர்' போல. சங்கப் புலவர் பலரின் பெயருக்கு முன்னே ஊர் நிற்பது போல, இங்கே பெயரின் பின்பாதியில் பள்ளத்தாக்கு நிற்கிறது.

பெயர் மட்டும் நீதி ஆகாது. எல்லோஸ்டோனே 1997-இல்தான் ஒரு நிறுவனத்துடன் பயன்பகிர்வு ஒப்பந்தம் செய்தது. நம்மிடம் 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் இருக்கிறது. ஆயினும் ஒரு பொருள் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது தெரிந்தால்தானே பங்கு கேட்க முடியும்? இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அவற்றில் இனிக் கண்டறியப்படும் உயிர்களுக்குப் பெயரிடுவோர், ஊரின் பெயரை விட்டுவிடாதிருக்க வேண்டும்.