வீட்டில் கட்டிய வானொலிகளும் பிபிசியின் உரிமக் கட்டணமும்

பிபிசியின் உரிமக் கட்டண முறை நிலைபெற்றதற்கு நிறுவனத்தின் முதல் பொது மேலாளர் ஜான் ரீத்தின் கொள்கைப்பிடிப்பையும், ஒலிபரப்பை ஆராய அரசு அமைத்த சைக்ஸ் குழுவின் 1923ஆம் ஆண்டு அறிக்கையையும் காரணம் காட்டுவது வழக்கம். இவை இரண்டுக்கும் முன்பே வேறொரு காரணம் வேலை செய்திருந்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. வானொலிப் பெட்டியைத் தாமே செய்துகொண்ட பல்லாயிரம் எளிய மனிதர்கள், அந்த நிறுவனத்தின் முதல் நிதித் திட்டத்தை ஓராண்டுக்குள் நிலைகுலையச் செய்தார்கள். நடந்து முடிந்ததற்குக் குழு எழுத்துவடிவம் தந்தது.

மார்க்கோனி முதலிய ஆறு பெரிய நிறுவனங்கள் முன்னின்று 1922 அக்டோபரில் அமைத்த கம்பெனியே அன்றைய பிபிசி. பத்து ஷில்லிங் உரிமக் கட்டணத்தில் பாதி அதற்கு வந்தது. உறுப்பு நிறுவனங்கள் விற்ற பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனியே உரிமைத்தொகையும் உண்டு. மிக எளிய கிரிஸ்டல் செட்டுக்கே ஏழரை ஷில்லிங். இதற்கு ஈடாக, சாதாரண உரிமம் வாங்கியவர் பிபிசி முத்திரை பெற்ற பெட்டியில்தான் கேட்க வேண்டும் என்று தபால் துறை விதித்தது. சோதனையாளர்களுக்கென இன்னோர் உரிமம் இருந்தது. அறிவியல் ஆர்வத்தை மெய்ப்பிக்க முடியாத தச்சருக்கோ குமாஸ்தாவுக்கோ அது எளிதில் கிடைக்கவில்லை.

ஆனால் கிரிஸ்டல் செட் செய்யத் தொழிற்சாலை தேவையில்லை. அட்டைக் குழாயில் சுற்றிய செப்புக் கம்பி, ஒரு துண்டு கலீனா என்ற ஈயத் தாது, அதன் பரப்பில் நன்றாகக் கேட்கும் புள்ளியைத் தொட்டுத் தேடும் மெல்லிய கம்பி, ஒரு ஹெட்போன், வெளியே நூறு அடிக்குள் ஏரியல், மண்ணில் புதைத்த எர்த் இருந்தால் போதும். பாட்டரிகூட வேண்டாம், வந்துசேரும் அலையின் ஆற்றலே காதில் ஒலியாகிறது. (கலீனாவால் மின்காந்த அலையை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார்.) 1922இல் தொடங்கிய ‘பாப்புலர் வயர்லெஸ்’, ‘அமெச்சூர் வயர்லெஸ்’ ஆகிய இதழ்கள் செய்முறையை வீடுதோறும் கொண்டுசென்றன.

பெட்டியைத் தாமே செய்தவர்களைச் சட்டத்தை மீறிய கூட்டமாக மட்டும் எழுதிவைப்பது பெரும் அநீதி. பிரிட்டனில் ஒலிபரப்பைக் கேட்டு வாங்கியதே ஆர்வலர்கள்தாம். 63 வானொலிச் சங்கங்கள் 1921 இறுதியில் கொடுத்த விண்ணப்பத்தின் பயனாகவே, 1922 பிப்ரவரி 14 அன்று ரிட்டில் என்ற சிற்றூரிலிருந்து மார்க்கோனி பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லியின் வாராந்திர ஒலிபரப்பு தொடங்கியது.

தபால் துறையின் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பெருக்கிய அலையை மீண்டும் உள்ளே செலுத்தும் பின்னூட்டத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால், வெற்றிடக் குழாயால் இயங்கும் வால்வுப் பெட்டி தானே அலைகளை வெளியிட்டு, அக்கம்பக்கத்தில் கேட்போரின் காதில் ஊளையிடும். இது மெய்யான தொல்லை. கிரிஸ்டல் செட்டோ அப்படி அலை எழுப்ப வழியே இல்லாத கருவி. அதையும் சேர்த்துத் தடுத்த விதியின் நோக்கம் விற்பனையைக் காப்பது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சோதனை உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 1923இல் குவிந்தன. பொறுமையிழந்த பலர் உரிமம் இல்லாமலே கேட்டார்கள். அவர்கள் மேல் வழக்குப் போட அரசு துணியவில்லை. அக்டோபரில், சைக்ஸ் அறிக்கை வெளிவந்தபோது, தாமே பெட்டி செய்வோருக்குப் பதினைந்து ஷில்லிங் உரிமம் ஏற்பட்டது. முன்பு உரிமமின்றிக் கேட்டவர்களும் பழைய குற்றம் கிளறப்படாமல் அதைப் பெற முடிந்தது. 1924இல் உரிமைத்தொகை ஒழிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் உரிமங்கள் பத்து லட்சத்தைக் கடந்தன. ஒலிபரப்பின் வருவாய் பெட்டி வியாபாரத்திலிருந்து விடுபட்டது இந்த இடத்தில்தான். ரீத் பின்னாளில் வாதாடிய பொதுநலக் கொள்கைக்கு அடித்தளம் கிடைத்ததும் இதனால்தான்.

இந்தியாவில் இந்த அனுபவம் பயன்படவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் உருவாகி அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பிய சென்னை மாகாண வானொலிக் கழகம், பணமின்றி 1927இல் நின்றது. அதே ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பத் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனிக்கு, பத்து ரூபாய் உரிமக் கட்டணத்தில் 80 சதவீதத்தோடு, இறக்குமதியாகும் வானொலிக் கருவிகளின் விலையில் 10 சதவீதமும் ஒதுக்கப்பட்டது. நிலையம் ஒவ்வொன்றின் திறனும் ஒன்றரை கிலோவாட். கிரிஸ்டல் செட்டில் கேட்கும் எல்லை ஏறத்தாழ 30 மைல். அதற்கு அப்பால் இருந்தவருக்கு விலையுயர்ந்த வால்வுப் பெட்டியே கதி. அந்த விலையின் மேல்தான், லண்டன் மூன்றாண்டுகளுக்கு முன்பு கைவிட்ட சுமையை அரசு மீண்டும் ஏற்றியது. உரிமங்கள் பத்தாயிரத்தைக்கூட எட்டாத நிலையில், 1930 மார்ச்சில் கம்பெனி கலைக்கப்பட்டது.