பதிவுத் தபால் எங்கே போச்சு? அஞ்சல் துறையை அரசு மாற்றுவது எப்படி... காஞ்சிபுரத்துக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

காஞ்சிபுரத்தில் இருந்து சென்னைக்கு ஒரு வாடகை நோட்டீஸ் அனுப்பணும். 20 கிராமுக்குள் இருக்கும் அந்தக் கடிதத்துக்கு முன்பு பதிவுத் தபாலில் ஜிஎஸ்டி உட்பட சுமார் 26 ரூபாய்தான் ஆனது. இப்போது அதே கடிதத்தைப் பதிவு வசதியோடு அனுப்ப 61 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

இது திடீரென வந்த விலையேற்றம் இல்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் அஞ்சல் துறை சீர்திருத்தத்தின் ஒரு பகுதி. அது எப்படி நடக்கிறது? படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: கமிட்டி

நாட்டில் சுமார் 1.65 லட்சம் தபால் நிலையங்கள் உள்ளன. இதில் 90 சதவீதம் வரை கிராமங்களில். செல்போன் வந்த பிறகு தனிப்பட்ட கடிதங்கள் குறைந்துவிட்டன. இவ்வளவு பெரிய கட்டமைப்பை வைத்து என்ன செய்வது?

இதற்காக 2014-ல் முன்னாள் கேபினட் செயலாளர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. வங்கி, காப்பீடு, அரசு சேவைகள் என்று துறையைத் தனித்தனிப் பிரிவுகளாக நடத்தலாம் என்று அந்தக் குழு சொன்னது. அது சொன்ன எல்லாமே அப்படியே நடக்கவில்லை. ஆனால் 2018 செப்டம்பர் 1-ல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி, அதே திசையில் எடுத்து வைத்த அடிதான்.

இரண்டாம் படி: சட்டம்

வெள்ளைக்காரன் காலத்து 1898-ம் ஆண்டு சட்டம்தான் 2024 வரை அமலில் இருந்தது. அதன்படி கடிதம் கொண்டு செல்லும் தனி உரிமை அரசுக்கு மட்டுமே. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அஞ்சல் அலுவலகச் சட்டம் அந்தத் தனி உரிமையைக் கைவிட்டது. புதிய சட்டம் 2024 ஜூன் 18-ல் அமலுக்கு வந்தது.

இதில் மக்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவசரநிலை போன்ற காரணங்களுக்காகத் தபாலை இடைமறிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தொடர்கிறது. இரண்டு, சேவையில் குறை நேர்ந்தால், விதிகளில் சொல்லப்பட்ட அளவுக்கு மட்டும்தான் அஞ்சல் துறைக்குப் பொறுப்பு. இந்த இரண்டையும் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பின.

மூன்றாம் படி: கம்ப்யூட்டர்

2025 ஆகஸ்டில் நாடு முழுக்கத் தபால் நிலையங்கள் ஒரே புதிய மென்பொருளுக்கு மாறின. இந்தத் தொழில்நுட்பத் திட்டத்தின் மதிப்பு சுமார் 5,800 கோடி ரூபாய். இந்த மாற்றத்துக்காகப் பல ஊர்களில் ஒருநாள் பரிவர்த்தனையே நிறுத்தப்பட்டது. ஓடிபி மூலம் டெலிவரி, க்யூஆர் கோடு மூலம் பணம் செலுத்துவது போன்ற வசதிகள் இதில்தான் வருகின்றன.

நான்காம் படி: கட்டணம்

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது கவுன்ட்டரில்தான். உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கும் அறிவிப்பு 2025 ஜூலையில் வெளியானது. புதிய ஸ்பீடு போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபர் 1-ல் அமலானது.

50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். முகவரியில் உள்ள நபரிடமோ, அவர் அனுமதித்தவரிடமோ மட்டும் கொடுக்கணும் என்றால் 'பதிவு' வசதிக்குக் கூடுதலாக 5 ரூபாய். இதற்கெல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. மாணவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு.

ஆக, பதிவுத் தபால் முழுசா ஒழியவில்லை. தனி சேவையாக இருந்தது, ஸ்பீடு போஸ்ட்டுக்குள் ஒரு கூடுதல் வசதியாக மாறிவிட்டது. கடிதம் வேகமாகப் போகும், எங்கே இருக்கிறது என்று ஆன்லைனில் பார்க்கலாம். ஆனால் 'மெதுவா போனா போதும், குறைஞ்ச செலவில் அத்தாட்சி வேணும்' என்பவர்களுக்கு இப்போது வழி இல்லை.

காஞ்சிபுரத்துக்கு என்ன?

2025-26 மத்திய பட்ஜெட்டில், அஞ்சல் துறை பெரிய பொதுத்துறை சரக்குப் போக்குவரத்து அமைப்பாக மாற்றப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதாவது, கடிதத்தில் இருந்து பார்சலுக்கு. புவிசார் குறியீடு பெற்ற பட்டுச்சேலை நெய்யும் ஊருக்கு இது நல்ல செய்தி.

காந்தி ரோட்டில் பெரிய கடை வைத்திருப்பவருக்குக் கூரியர் கம்பெனிகள் வாசலுக்கே வரும். பிள்ளையார்பாளையத்தில் ஒன்றிரண்டு தறி வைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவருக்குத்தான் எந்தக் குக்கிராமத்துக்கும் போகும் தபால் வலைப்பின்னல் தேவை. வெளிநாட்டுக்கு அனுப்ப, சுங்க ஆவணங்களை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யும் அஞ்சல் ஏற்றுமதி மையங்களும் 2022 முதல் நாட்டில் திறக்கப்பட்டு வருகின்றன.

ஆனால் இதிலும் ஆபத்து உண்டு. 800 டாலர் வரையிலான பொருட்களுக்கு இருந்த வரிச்சலுகையை அமெரிக்கா நீக்கியதால், 2025 ஆகஸ்ட் 25-ல் அங்கு செல்லும் தபால் நிறுத்தப்பட்டது. அக்டோபர் 15-ல்தான் மீண்டும் தொடங்கியது. நவராத்திரி அந்த இடைவெளியில்தான் வந்துபோனது.

மற்ற நாடுகளில்?

பிரிட்டன் 2013-ல் ராயல் மெயிலைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோய்த் தனியார்மயமாக்கியது. டென்மார்க்கின் அரசு அஞ்சல் நிறுவனமோ 2025 இறுதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இந்தியா இன்னும் துறையை அரசிடமே வைத்திருக்கிறது. இங்கே விவாதம், மலிவான அடிப்படைச் சேவையின் செலவை யார் ஏற்பது என்பதுதான்.

அனுப்பும் முன் கவனிக்க

* வக்கீல் நோட்டீஸ், வாடகை நோட்டீஸ் போன்றவற்றுக்கு வெறும் ஸ்பீடு போஸ்ட் போட்டால் போதாது. 'பதிவு' வசதி வேணும் என்று கவுன்ட்டரில் சொல்லிக் கேளுங்க.
* விலை உயர்ந்த சேலையை அனுப்பும்போது காப்பீடு எவ்வளவு தொகை வரை கிடைக்கும் என்று முதலிலேயே விசாரிங்க. தொலைந்த பிறகு சேலையின் முழு விலையையும் கேட்க முடியாது.
* ரசீதை, டெலிவரி ஆகும்வரை பத்திரமாக வைங்க. புகார் செய்ய அதில் உள்ள எண் தேவை.