கிடங்கில் இருந்த தோட்டா



என் தாத்தாவின் தம்பி ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். 1930களில் அவர் சைகோனில் காலாட்படையில் இருந்தார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, குடையைத் துப்பாக்கியாகப் பிடித்து எங்களுக்குச் செய்து காட்டுவார். "தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. அப்புறம்தான்டா அடுத்த குண்டு" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தானா குண்டு மாத்திக்கிற துப்பாக்கி பிரான்சுல எப்பவோ வந்துடுச்சு. எங்க கைக்குத்தான் வரலை" என்பார்.

சின்னத் தாத்தா கதை அளக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிரெஞ்சுப் பள்ளியில் வெர்தூன் போரைப் பக்கம் பக்கமாகப் படித்த எனக்கு, அப்படி ஒரு துப்பாக்கியைப் பற்றி எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சுப் புத்தகங்களை மறுபடி எடுத்துப் படிக்கையில்தான், அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அந்த உண்மைக்குள் ஒரு கணக்கு வழக்கும் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவனுக்கு அது சுவையான விஷயம். அதை இன்று எழுதுகிறேன்.

முதலில் அரைத் தானியங்கி ரைபிள் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அரைத் தானியங்கியில் குண்டு வெடித்த வேகமே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். வீரன் விசையை இழுத்தால் போதும். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. குறி கலையாது, நேரமும் மிச்சம்.

இப்படி ஒன்று வேண்டும் என்றால் ஓர் அரசுக்கு வழி இரண்டு: வெளியில் வாங்குவது, அல்லது தானே செய்வது. பணம் குறைவாக இருக்கும்போது மூன்றாவதாக ஒரு வழி வந்து நிற்கும். கிடங்கில் இருக்கும் பழையதை வைத்து ஒப்பேற்றுவது. பிரான்ஸ் இந்த மூன்றையும் செய்து பார்த்தது.

கதை 1886-இல் தொடங்குகிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்திருந்தார். அதுவரை எல்லா நாட்டுத் துப்பாக்கிக்கும் கரிமருந்துதான். புதிய மருந்தைக் கொண்டு உடனே ஒரு ரைபிள் வேண்டும் என்று போர் அமைச்சர் ஜெனரல் பூலான்ஷே அவசரப்படுத்தினார். அந்த அவசரத்தில் புதிய தோட்டா ஒன்றை ஆற அமர வடிவமைக்க நேரமில்லை. ஏற்கெனவே இருந்த 11 மில்லிமீட்டர் கிரா துப்பாக்கியின் தோட்டாக்கூட்டையே எடுத்து, கழுத்தைக் குறுக்கி 8 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். அடிப்பாகம் பருத்து, அகன்ற விளிம்போடு, மேலே போகப் போகச் சட்டென்று சிறுத்த தோட்டா அது. அதற்காகச் செய்த ரைபிள்தான் லெபெல். அன்று உலகத்தில் அதற்கு நிகர் இல்லை. இருபது இலட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். தோட்டாக்களோ கணக்கில் அடங்கா.

சில ஆண்டுகளில் மற்ற நாடுகள் நிதானமாக யோசித்து நல்ல தோட்டாக்களைச் செய்துகொண்டன. பிரான்ஸ் மட்டும் தன் கூம்புத் தோட்டாவோடு மாட்டிக்கொண்டது. தானாக ஏறும் துப்பாக்கிக்கு அந்தத் தோட்டா ஒத்துவராது. பெட்டியில் அடுக்கினால் நேராக நிற்காமல் வளையும், விளிம்பு ஒன்றோடொன்று சிக்கும். முதல் உலகப் போரின் ஷோஷா இயந்திரத் துப்பாக்கியின் படத்தைப் பார்த்தால், அடியில் பிறைபோல் ஒரு தோட்டாப் பெட்டி தொங்கும். அந்த வளைவு தோட்டா கேட்டது.

இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. போருக்கு முந்தைய ஆண்டுகளில் அரசு ஆயுதசாலைகள் இரகசியமாகப் பல அரைத் தானியங்கி மாதிரிகளைச் செய்து பார்த்தன. 1910-ஐ ஒட்டி மெனியே என்பவரின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 7 மில்லிமீட்டரில் நல்ல புதுத் தோட்டாவும் அதற்கு உண்டு. ஆனால் துப்பாக்கியை ஏற்றால் தோட்டாவையும் மாற்ற வேண்டும். தோட்டாவை மாற்றினால் கிடங்கில் இருப்பது என்னாவது, அதைச் செய்யும் இயந்திரங்கள் என்னாவது? ஜெர்மனியோடு எந்த நேரமும் போர் வரலாம் என்ற நிலையில் துணிவு வரவில்லை. ஏறத்தாழ ஆயிரம் துப்பாக்கி செய்ததோடு அது நின்றது. 1914 ஆகஸ்டில் போர் வந்தது. லெபெலோடும் பெர்த்தியேவோடும் வீரர்கள் போனார்கள். இரண்டுமே கையால் இழுப்பவை.

போர் நடுவில் வாங்கும் வழியைப் பார்த்தார்கள். அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனம் 1907, 1910 மாதிரி அரைத் தானியங்கிகளை வேட்டைக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அவற்றைப் பிரான்ஸ் வாங்கியது. விமானத்தில் பறப்பவர்களுக்கு முக்கியமாக அவை பயன்பட்டன. துப்பாக்கி ஆயத்தமாக இருந்தது, செய்ய வேண்டிய வேலை இல்லை. ஆனால் அதன் தோட்டா பிரெஞ்சுப் படையின் வேறு எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. அதுவும் அட்லாண்டிக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். சில நூறு பேருக்கு அது சரி. பதுங்கு குழியில் கிடக்கும் இலட்சக்கணக்கானவர்களுக்கு ஒப்புமா?

கடைசியில் மூன்றாவது வழிக்கு வந்தார்கள். ரிபெரோல், சுத்தேர், ஷோஷா என்ற மூவர் 1916-இல் கொடுத்த வடிவத்தை அரசு ஏற்றது. அதன் புத்திசாலித்தனம், கையில் இருப்பதை வைத்துச் செய்தது. லெபெலின் குழல், பின்கட்டை, இன்னும் சில உறுப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நடுவில் இருக்கும் இயக்கம் மட்டும் புதிது. அதே 8 மில்லிமீட்டர் தோட்டா. புதிய இயந்திரங்கள் அதிகம் வேண்டாம், புதிய தோட்டாவும் வேண்டாம். 1917-இல் போர்முனைக்குப் போனது. போர் முடிவதற்குள் 85,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். வேறு எந்த நாடும் அந்தப் போரில் அரைத் தானியங்கி ரைபிளை இந்த எண்ணிக்கையில் காலாட்படையின் கையில் கொடுக்கவில்லை.

செலவு மிச்சம், வேலையும் நடந்தது. குறை சொல்ல முடியாது. ஆனாலும் பழைய சரக்கு தன் வேலையைக் காட்டியது. நீளம் 1.33 மீட்டர், எடை ஐந்து கிலோவுக்கு மேல். சேறும் சகதியுமான குழிக்குள் சுத்தமாக வைத்துக்கொள்வது கடினம். ஐந்து தோட்டாவை ஏற்றும் கிளிப் அதற்கென்றே தனி. கம்பெனி முழுவதற்கும் தரவில்லை, தேர்ந்த சிலருக்கு மட்டும் கொடுத்தார்கள். 1918-இல் நீளத்தைக் குறைத்து, பெர்த்தியேவின் கிளிப்பையே ஏற்கும்படி திருத்தினார்கள். அதற்குள் போர் முடிந்துவிட்டது.

இனி நடந்ததுதான் சின்னத் தாத்தா சொன்னது. 1930களில் இந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் வாயு செல்லும் துளையை அடைத்தார்கள். துளையை அடைத்தால் தானாக ஏறாது. கையால் இழுக்கும் சாதாரண ரைபிளாகிவிடும். அப்படி ஆக்கி காலனிப் படைகளுக்குக் கொடுத்தார்கள். பராமரிப்பு எளிது, பழையது வீணாகாது என்று கோப்பில் எழுதியிருப்பார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

புதுத் தோட்டா பிரான்சுக்கு 1924-இல் வந்தது, 7.5 மில்லிமீட்டர். 1929-இல் அதைத் திருத்தினார்கள். ஆனால் கிடங்கில் பழைய துப்பாக்கியும் தோட்டாவும் மலைபோல் இருக்க, புதியதற்குப் பணம் மெதுவாகத்தான் வந்தது. 1936-இல் வந்த புதுத் துப்பாக்கியும் கையால் இழுப்பதே. நல்ல அரைத் தானியங்கி ஒன்றை சேன்-தெத்தியேன் ஆயுதசாலை 1940-இல் முடிவு செய்தது. அதிகம் செய்யுமுன் ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தது. அந்த ஆண்டும் வீரர்கள் பலர் கையில் லெபெலும் பெர்த்தியேவும்தான். எம்.ஏ.எஸ். 49 என்ற அரைத் தானியங்கி முறையாகப் படைக்கு வந்தது 1949-இல். அவசரத்தில் கழுத்தைக் குறுக்கிய ஒரு தோட்டாவுக்கு 63 ஆண்டு வயது!

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் துப்பாக்கி அல்ல. நான் எழுதிய ஒரு குறிப்பு நினைவுக்கு வந்தது.

1980களில் எங்கள் அலுவலகத்தில் பழைய சைக்ளோஸ்டைல் இயந்திரம் ஒன்று இருந்தது. புதியது வாங்கலாமா, பழையதைச் சரிபார்க்கலாமா என்று கோப்பு என்னிடம் வந்தது. பிரெஞ்சில் படித்துவிட்டு வேலையில் சேர்ந்தபின் ஆங்கிலத்தில் குறிப்பெழுதக் கற்றவன் நான். அதனால் கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன்: ஸ்டோரில் இந்த இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும் மை டியூப்பும் ஸ்டென்சிலும் ஏராளமாக உள்ளன, புதியது வாங்கினால் அவை வீணாகும், தணிக்கையில் ஆட்சேபம் வரும். மேலதிகாரி "நன்று" என்று கையெழுத்திட்டார். மோட்டார் சரிப்பட்டு வரவில்லை. அதைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியால் சுற்றினோம். சுற்றியவர் எங்கள் பியூன். பட்ஜெட் நேரத்தில் இரவு பத்து மணி வரை சுற்றுவார். நான்கு வருடத்தில் மெக்கானிக்குக் கொடுத்த தொகையைக் கூட்டினால் புது இயந்திரமே வந்திருக்கும். அவருடைய தோள்வலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நம் நாட்டு அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டு மாதத்தில் சீனப் போர். நான் பள்ளிச் சிறுவன். பாதுகாப்பு நிதிக்கு என் அம்மா ஒரு ஜோடித் தோட்டைக் கழற்றிக் கொடுத்தது நினைவிருக்கிறது. அந்தப் பனிமலையில் நம் வீரர்கள் கையில் இருந்தது .303 என்ஃபீல்ட், கையால் இழுக்கும் ரைபிள். எதிரில் சீனர்களிடம் அரைத் தானியங்கிகள்.

நம் அரசும் 1950களிலிருந்து இதே கேள்வியோடு இருந்தது. பெல்ஜியத்தின் ஹெர்ஸ்தால் நகரத்து எஃப்.என். நிறுவனத்தின் எஃப்.ஏ.எல். ரைபிள் அன்று உலகப் புகழ் பெற்றது. வாங்கவோ உரிமம் பெற்றுச் செய்யவோ பேசினார்கள். நிபந்தனைகள் ஒத்துவரவில்லை. நம் பொறியாளர்கள் வெளிநாட்டு மாதிரிகளைப் பிரித்துப் பார்த்து, கல்கத்தாவுக்கு அருகில் ஈசாப்பூர் ஆலையில் தாங்களே செய்தார்கள். அதுதான் எஸ்.எல்.ஆர். எஃப்.என். வழக்குக்குத் தயாரானது. சமாதானத்துக்காக அவர்களிடமும் கொஞ்சம் வாங்கினோம். செய்ததற்கும் செலவு, வாங்கியதற்கும் செலவு. நம் துப்பாக்கியின் உறுப்புகள் பெல்ஜிய, பிரிட்டிஷ் துப்பாக்கிகளுக்கு முழுதாகப் பொருந்தவும் இல்லை. இடைக்காலத்துக்குப் பழைய என்ஃபீல்டையே உறுதியான எஃகில் செய்து, புதிய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும்படி மாற்றியும் கொடுத்தார்கள்.

பாருங்கள், இங்கே ஒரு வித்தியாசம். பிரான்ஸ் பழைய தோட்டாவுக்காகப் புதுத் துப்பாக்கியை வளைத்தது. நாம் புதுத் தோட்டாவை முடிவு செய்துவிட்டுப் பழைய துப்பாக்கியை அதற்கு வளைத்தோம். அதனால் பின்னால் வந்த எஸ்.எல்.ஆருக்கும் அதே தோட்டா பயன்பட்டது. 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் எஸ்.எல்.ஆர். செய்தது. 1971 போரில் நம் வீரர்கள் ஏந்தியது அதைத்தான். 2019-இல் அமெரிக்காவிடம் 72,400 சிக் ரைபிள் வாங்கினோம். அதற்கும் அதே அளவுத் தோட்டா. அதே சமயம் அமேதியில் ரஷ்யாவோடு சேர்ந்து ஏ.கே. 203 செய்யவும் ஏற்பாடானது. வாங்குவதா செய்வதா என்ற கோப்பு இன்னும் மூடவில்லை.

சிக்கனம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏழை நாட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் அது வேண்டும். கிடங்கில் இருப்பதைச் சேமிப்பு என்று எழுதும்போது, மிச்சம் யாருக்கு, பாரம் யாருக்கு என்று இன்னொரு வரி எழுத வேண்டும். நான் அந்த வரியை எழுதாமல் ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஜூலை 14 வந்தால் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச்சின்னத்துக்கு மலர்வளையம் வைப்பார்கள். பழைய சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். ஆண்டுக்காண்டு கூட்டம் குறைகிறது. சின்னத் தாத்தாவும் ஒரு காலத்தில் என்னைக் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறார். அவர் கதை அளக்கவில்லை என்று அவரிடம் சொல்ல ஆசை. அவர் போய் ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. குடை மட்டும் பரணில் இருக்கிறது.