சூரியனுக்கு நம்ம பூமி எங்க இருக்குன்னு தெரியுமா?

எனக்கு ஊர் ஓட்டப்பிடாரம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லாரும் வ.உ.சி.யைத்தான் கேட்பாங்க. சரி, அவரிடமிருந்தே தொடங்குவோம். 1909 ஜனவரியில் அவர் பிரிட்டிஷ் அரசின் சிறையில் இருந்தார். அதே அரசின் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறமாலையில் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஒளி தரும் பொருள் நம்மை விட்டு விலகினால் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும், நெருங்கினால் நீலப் பக்கம். விலகிப் போற ரயிலோட ஹாரன் சத்தம் இறங்குற மாதிரிதான். கோடுகள் நகர்வதை வைத்து, புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுதுன்னு எவர்ஷெட் கண்டுபிடித்தார். இன்றும் அதற்குப் பெயர் எவர்ஷெட் விளைவு.

சிக்கல் அடுத்து வந்தது. புள்ளிகளை விடுங்க, சூரியனின் கோடுகளே பொதுவா கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளித்தான் இருந்தன. விளிம்பில் இன்னும் அதிகம். இது வேகம்தான் என்றால், விளிம்பில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வாயு நம்மை விட்டே ஓடணும். பூமி எங்க இருக்குன்னு சூரியனுக்கு எப்படிங்க தெரியும்? எவர்ஷெட் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பூமிதான் வாயுவைத் தள்ளுதோ என்றுகூட யோசித்தார். வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை எடுத்துச் சோதித்தார். நம்மைப் பார்க்காத பக்கத்தின் ஒளியும் அதில் கிடைக்குமே!

ஐன்ஸ்டீன் வேறு காரணம் சொல்லியிருந்தார். ஈர்ப்பிலிருந்து மேலேறி வரும் ஒளி ஆற்றலை இழக்கும், அதனால் சிவக்கும். சூரியனுக்கு இது பத்து லட்சத்தில் சுமார் 2 பங்கு. வேகமாகக் கணக்கிட்டால் நொடிக்கு வெறும் 600 மீட்டர் சொச்சம். சூரியனின் நடுவில் கொதித்து மேலெழும் வாயு நம்மை நோக்கி வருவதால் அதன் நீலப் பெயர்ச்சி இதில் பெரும்பகுதியை மறைத்துவிடும். விளிம்பில் அந்த மறைப்பு இல்லை. 1923-இல் எவர்ஷெட் ஐன்ஸ்டீன் பக்கம் வந்தார்.

1929-இல் ஹப்பிள் காட்டிய செம்பெயர்ச்சி மூன்றாவது ரகம். தொலைவான விண்மீன் மண்டலத்து ஒளி வழியில் இருக்கும்போதே வெளி விரியுது, அலையும் கூடவே நீளுது. அலைநீளம் இரட்டிப்பானால், ஒளி கிளம்பியபோது அந்தத் தூரங்கள் இப்போதில் பாதி. பொருளின் ஈர்ப்பு இந்த விரிவை எப்படி இழுத்துப் பிடிக்கும் என்பதற்கு, 1955-இல் கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி ஒரு சமன்பாடே தந்தார்.

அப்போ நம்ம வீடும் விரியுதா? இல்லைங்க. நம்ம விண்மீன் மண்டலத்துக்குள்ளே ஈர்ப்புதான் ஜெயிக்குது. பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கியே வருது. அதன் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருப்பதை 1912-லேயே ஸ்லைஃபர் அளந்துவிட்டார்.