இப்னு பதூதா கண்ட தென் ஸ்பெயின்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சிறிது தொலைவு நடந்தால், ஆற்றின் மறுகரையில் சுல்தான் அப்துல் சமது கட்டடத்தைக் காணலாம். 1897இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தில் குதிரை லாட வடிவான வளைவுகள் அமைந்துள்ளன. அவ்வடிவம் பெரும்புகழ் பெற்ற இடம் தென் ஸ்பெயின். கோர்டோபா நகரில் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பெரும் பள்ளிவாசலே அதற்குத் தலையாய சான்று. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் பல நாட்டுப் பாணிகளைக் கலந்து வரைந்தபொழுது, அந்த வளைவும் கிள்ளான் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது.

வளைவைக் கண்டு கட்டியவர் திறத்தை வியக்கலாம். ஆயின், அதன் நிழலில் வாழ்ந்த மக்கள் எதை உண்டனர், எதை விற்றனர், எதற்கு அஞ்சினர் என்பனவற்றை வளைவு சொல்லாது. அவற்றை அறிய வேண்டுமாயின், அந்நாட்டுத் தெருக்களில் நடந்து திரிந்த ஒருவரின் நூலை நாட வேண்டும். அத்தகையவருள் இப்னு பதூதா முதன்மையானவர். அவர் தமிழ்நாட்டுக் கரையையும் கண்டவர் என்பதால், தமிழர் அவரை அறிந்துகொள்வதற்குத் தனிக் காரணமும் உண்டு.

தென் ஸ்பெயினில்

மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1325இல் மக்கா நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் அலைந்து, 1349இல் தாய்நாடு திரும்பினார். வீட்டில் அமைதியாக இருக்க அவருக்கு மனம் இல்லை. அக்காலத்தில் காஸ்தீல் மன்னர் பதினோராம் அல்போன்சோ ஜிப்ரால்டரை முற்றுகையிட்டிருந்தார். அதன் காவலுக்குத் துணை நிற்க எண்ணினார் இப்னு பதூதா. ஆனால் 1350 மார்ச்சில் அம்மன்னர் கொள்ளைநோயால் மாண்டார், முற்றுகையும் நீங்கியது. காவலுக்குச் சென்றவர் ஊர் காணும் விருந்தினர் ஆனார்.

ரோந்தாவில் அவருடைய உறவினர் ஒருவர் நீதிபதியாக இருந்தார். அங்குச் சில நாள் தங்கி, மார்பெல்யா வழியாக மாலகாவை அடைந்தார். நம் மலாக்கா வேறு. மத்தியதரைக் கடலோரத்து மாலகா வேறு. மாலகாவின் கடைத்தெருவில் சிறு திர்கம் ஒன்றுக்கு எட்டு இராத்தல் திராட்சை விற்றதை அவர் குறிக்கிறார். அரபு மொழியின் ‘ரத்ல்’ என்னும் நிறைப்பெயரே தமிழில் ‘இராத்தல்’ என வழங்கியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவ்வூர் மாதுளை மாணிக்கம் போல் சிவந்தது என்றும், அத்தியும் வாதுமையும் வெளிநாடுகளுக்குச் சென்றன என்றும், பொன்னிறப் பூச்சுடைய மட்கலங்கள் தொலைதேசம் வரை விலைபோயின என்றும் எழுதுகிறார்.

மாலகாப் பள்ளிவாசல் முற்றத்தில் உயர்ந்து நின்ற நாரத்தை இன மரங்களின் அழகையும் அவர் மறக்கவில்லை. ஆரஞ்சுப் பழத்தை ஸ்பானியர் ‘நரான்ஹா’ என்பர். அச்சொல் அரபியின் ‘நாரஞ்ச்’ என்பதிலிருந்தும், அது பாரசீக ‘நாரங்’ என்பதிலிருந்தும், அது வடமொழி ‘நாரங்க’ என்பதிலிருந்தும் வந்தன. அதற்கும் மூலம் ‘நாரத்தை’ என்னும் சொல்லோடு உறவுடைய திராவிடச் சொல்லே என்பது சொல்லாய்வாளர் பலர் கொள்கை. மரம் மேற்கே சென்ற வழியில் பெயரும் சென்றது போலும்.

இன்பத்துக்கு நடுவே அச்சமும் இருந்தது. மார்பெல்யாவிலிருந்து செல்லும் கடற்கரைச் சாலையில் பன்னிரு குதிரை வீரர் அவருக்கு முன்னே சென்றனர். பின்தொடர்ந்த இப்னு பதூதா, பள்ளத்தில் இறந்து கிடந்த குதிரையைக் கண்டார். சற்றுத் தள்ளி மீன்கூடை ஒன்று சிதறிக் கிடந்தது. பகைவரின் கப்பல்கள் கரை சேர்ந்து, வீரர்களுள் ஒருவரைக் கொன்று, பதின்மரைச் சிறைகொண்டு போயிருந்தன, ஒருவரே தப்பினார். கூடைக்கு உரிய மீனவரும் மாண்டார். பின்னர் மாலகாப் பள்ளிவாசலில், அச்சிறையாளரை மீட்க ஊர்ப் பெரியோர் பொருள் திரட்டிக்கொண்டிருந்ததை அவர் நேரில் கண்டார். திராட்சையின் விலையை எழுதிய அதே கை மனித உயிர்களின் மீட்புப் பொருளையும் எழுதியது. அவர் எழுத்தை நாம் நம்புவதற்கு இதுவே முதற்காரணம்.

கிரனாடாவில் மன்னர் முதலாம் யூசுபு நோயுற்றிருந்தமையால் அவரைக் காண இயலவில்லை. அல்ஹாம்பிரா அரண்மனையைப் பற்றி நூலில் வருணனையும் இல்லை. ஆறும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த நகரையும், சமர்க்கந்து, தபிரீசு, இந்தியா முதலிய தொலைநாடுகளிலிருந்து வந்து குடியேறிய துறவியரையுமே காண்கிறோம். அவருள் இருவர் இந்தியர். பதினான்காம் நூற்றாண்டில் தென் ஸ்பெயினில் நம் நாட்டார் வாழ்ந்த செய்தி இதனால் கிடைக்கிறது.

தமிழ்க் கரையில்

இதற்குச் சில ஆண்டுகள் முன், 1344ஆம் ஆண்டளவில், இலங்கையிலிருந்து புறப்பட்ட அவர் தமிழ்க் கரையை அடைந்தார். மதுரையில் அப்பொழுது சுல்தானாக இருந்த கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலர். அக்காள் தங்கையரை இருவரும் மணந்திருந்தனர். ‘பட்டன்’ என அவர் குறிக்கும் துறைமுகத்தில் கல்லால் அமைந்த பள்ளிவாசலையும், திராட்சையையும், நல்ல மாதுளையையும் கண்டார். மாலகாவில் கண்ட அதே கண்தான் இங்கும் கனிகளைக் கண்டது.

ஆனால் கனிகளோடு அவர் நிற்கவில்லை. சுல்தான் நாட்டு மக்களைப் பெண்டிர் பிள்ளைகளோடு கொன்ற கொடுமையை எழுதி, வேறெந்த அரசனிடத்தும் இத்தகைய இழிசெயலை அறிந்ததில்லை என்று கண்டித்தார். உறவு, விருந்தோம்பல், சமயம் ஆகிய மூன்றும் அவரைச் சுல்தானோடு பிணைத்திருந்தன. இருந்தும் உண்மையை மறைத்தாரில்லை.

பின்னர்ச் சுமத்திராவின் சமுத்திரா நாட்டுக்குச் செல்கையில், தேங்காய், வாழை, மாங்கனி, மீன் ஆகியவற்றோடு சிறு படகுகள் வந்து கப்பலைச் சூழ்ந்தன. அரசவையில் அவருக்கு வெற்றிலையும், அந்நாட்டார் காற்சட்டைக்கு மாற்றாக அரையில் கட்டும் துணியும் கிடைத்தன. இன்று மஸ்ஜித் இந்தியாக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கைலியின் உறவு அத்துணி என்பதை யாரும் உணர்வர்.

எழுதியவர் பங்கு

இப்னு பதூதா தம் கையால் நூல் எழுதவில்லை. கிரனாடாவில் ஒரு தோட்டத்தில் அவர் கதை சொன்னபொழுது, கேட்டிருந்தோருள் இளைஞர் இப்னு ஜுஸையும் ஒருவர். அவர் அன்றே பெயர்களைக் குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் மொரோக்கோ அரசர் ஆணைப்படி, முதியவர் சொல்லச் சொல்ல எழுதி, 1355 டிசம்பரில் நூலை முடித்தார். மாலகா 1487இலும், கிரனாடா 1492இலும் காஸ்தீலிடம் வீழ்ந்தன. மாலகாப் பள்ளிவாசல் நின்ற இடத்தில் இன்று பேராலயம் நிற்கிறது. அன்றைய முற்றமும் திராட்சை விலையும் எஞ்சியிருப்பது இளைஞர் ஒருவர் எழுதிவைத்ததால்தான்.

மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடி வைத்தது. இந்திய முஸ்லிம் வணிகர் 1863இல் நிறுவிய பள்ளிவாசலின் பெயர் தாங்கிய மஸ்ஜித் இந்தியாவும் அத்தகைய அங்காடியே. பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் 1966இல் எழுந்தது. அங்கே தமிழிலும் உரை ஒலிக்கிறது. துணிக்கடை, நகைக்கடை, நாணய மாற்றுக்கடை, உணவகம் எனத் தெரு நீள்கிறது. கடை மாறும், கடைக்காரரும் மாறுவர். எந்த ஊரிலிருந்து யார் வந்தார், முதலில் எதை விற்றார், என்ன விலைக்கு விற்றார் என்பதை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதும் பணி மாணவர்க்கு ஏற்ற கட்டுரைப் பயிற்சியாகும். பெயர், ஆண்டு, பொருள், விலை ஆகிய நான்கையும் பிழையின்றிக் குறிக்க ஆசிரியர் பழக்கினால் போதும். இன்பத்தோடு துன்பத்தையும் மறையாது எழுதச் சொன்னால் அது வரலாறாகும்.